சின்ன காருக்கு சீர்வரிசை!

புதுக் கார் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஷோரூமில் ஸீட்டுக்கு மாட்டிக் கொடுத்த பாலித்தீன் உறையை அன்றைக்கே கிழித்து எறிகிறவர்கள் முதல் ரகம். ஆறு மாதம் ஆனாலும் அதன் மேலேயே உட்கார்ந்து, சட்டை முதுகில் ஒட்டி, எழுந்திருக்கும்போதெல்லாம் 'சர்ர்ர்' என்று சத்தம் கிளப்புகிறவர்கள் இரண்டாம் ரகம். இந்த இரண்டு ரகமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஆக்ஸஸரீஸ் கடை!

பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் பீரோ, கட்டில், குத்துவிளக்கு என்று சீர் வைக்கிறோமே, அது மாதிரிதான் இதுவும். காரை மட்டும் தனியாக வீட்டுக்கு அழைத்து வந்தால் அக்கம்பக்கத்தில் மரியாதை இல்லை. "என்ன ஸார், ஸீட் கவர் கூடப் போடலியா?" என்று எதிர் ஃபிளாட்காரர் துக்கம் விசாரிப்பார். (அவரிடம் கார் கிடையாது என்பது வேறு விஷயம்.)

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் மாருதி 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தபோது அதன் விலை சுமார் 47,500 ரூபாய். 796 சி.சி. எஞ்சின், நாலு கதவு, நாலு சக்கரம். அவ்வளவுதான். மீதியை நாம்தான் போட்டுக்கொண்டோம். டேஷ்போர்டில் ஒரு குட்டி மின்விசிறி. ஓடும்போதே நாடாவை முழுங்கும் காஸெட் பிளேயர். முதுகுக்கு மரமணி கோர்த்த ஸீட் கவர். சர்க்கார் அதிகாரி மாதிரி தோரணை வேண்டுமென்றால் ஸீட்டின் முதுகில் வெள்ளை டர்க்கி டவல். 2014 ஜனவரியில் அந்தக் காரின் தயாரிப்பு நின்றுபோனது. சீர்வரிசை மட்டும் நிற்கவில்லை. ஏழை மரமணிக்குப் பதில் இன்றைக்குப் பணக்கார 'செவன் டி' மேட்!

என் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் சமீபத்தில் சின்ன கார் எடுத்தார். (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்.) மாதத் தவணை 10,400 ரூபாய். அவர் கார் வாங்கியது ஆபீஸ் போவதற்காக இல்லை. அதற்கு அவருக்கு மின்சார ரயில் இருக்கிறது. வாங்கியது அம்மாவுக்காக. அம்மாவுக்கு வயது 71. இரண்டு முழங்காலும் தகராறு, இடுப்பில் பிடிப்பு. பஸ்ஸில் படி ஏற முடியாது. ரயிலில் பிளாட்ஃபாரம் மாற முடியாது. கும்பகோணம் பக்கத்தில் சொந்த கிராமம். குலதெய்வத்தைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. "கண்ணை மூடறதுக்குள்ளே ஒரு தடவை போயிட்டு வந்துடணும்டா" என்று அம்மா சொல்ல, மறுநாளே நண்பர் லோனுக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டார்.

சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். சின்ன கார். வலிக்கிற இடுப்பு. "அம்மாவுக்கு வசதியா நாலு சாமான் போடணும். நீயும் வா. உனக்குத்தான் கணக்கு வரும்" என்றார். பி.காம். படித்தவனுக்கு சமூகம் தருகிற மரியாதை இதுதான். பேரம் பேசக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தரிசனம்

சென்னையில் காருக்கு எது வேண்டுமானாலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். அண்ணாசாலையிலிருந்து பிரிந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் சாலை. இரண்டு பக்கமும் கடைகள். காரை நிறுத்தி இறங்குவதற்குள் நாலு பேர் கதவைத் திறந்து, "என்னா வேணும் ஸார்? ஸீட் கவர், மேட், மியூஸிக், கேமரா?" என்று கேட்டுவிடுவார்கள். மாப்பிள்ளைக்குக்கூட இந்த வரவேற்பு கிடையாது.

ஒரு கடைக்குள் போனோம். ஓனர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி மொட்டையா இருக்கு ஸார்."

"அம்மாவுக்கு இடுப்பு வலி. அதுக்கு ஏத்த மாதிரி..." என்று நண்பர் ஆரம்பிப்பதற்குள், "ஃபுல்லா பண்ணிடலாம் ஸார்!" என்று கால்குலேட்டரை எடுத்தார். லெதர் மாதிரி இருக்கிற ஸீட் கவர், கழுத்துத் தலையணை நாலு, முதுகு மெத்தை, உட்காரக் காற்று வரும் மெத்தை, செவன் டி மேட், ஸ்டியரிங் கவர், கலர் விளக்கு, புது மியூஸிக் செட், ஸப் ஊஃபர், ஜன்னலுக்குக் கறுப்புப் பேப்பர். மொத்தம் 38,400 ரூபாய்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். அதில் அம்மா எங்கேயும் இல்லை.

"ஒவ்வொண்ணா பேசலாமே" என்றேன். அப்படிப் பேசியதில் நான் தெரிந்துகொண்டதையும், ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். நாளைக்கு நீங்களும் கார் வாங்குவீர்கள். (வாங்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.)

ஸீட் கவர்: காணாமல் போன பெல்ட்

லெதர் மாதிரி என்று காட்டுகிற ஸீட் கவரில் பெரும்பாலானது பிளாஸ்டிக் பூசிய துணி. நம் ஊர் மே மாதத்தில் அது தோசைக்கல். வியர்வை போக வழியில்லை. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு நல்ல துணிக் கவரே சுகம். பார்க்கக் கொஞ்சம் ஏழை மாதிரி இருக்கும். முதுகு அதையெல்லாம் பார்ப்பதில்லை.

இன்னொரு விஷயம். இப்போது வருகிற பல கார்களில் முன் ஸீட்டின் ஓரத்திலேயே ஏர்பேக் இருக்கிறது. ஸீட்டின் கதவுப் பக்கம் பாருங்கள், 'ஏர்பேக்' என்று எழுதிய ஒரு குட்டித் துணி லேபிள் தெரியும். பக்கவாட்டில் யாராவது இடித்தால் அது ஸீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அதன் மேல் தடியாக ஒரு உறையைப் போட்டு இறுக்கித் தைத்துவிட்டால் பாவம், எப்படி வரும்? அந்த இடத்தில் திறப்பு விட்ட கவர், அல்லது சுலபமாகப் பிரியும் தையல் போட்ட கவர் கிடைக்கிறது. உங்கள் கார் கம்பெனி சொல்கிற கவரைப் போடுவது உத்தமம்.

நண்பர் துணிக் கவருக்குச் சம்மதித்தார். கடைப் பையன் முக்கால் மணி நேரத்தில் மாட்டி முடித்தான். பின் ஸீட் மழமழவென்று திருமண மேடை மாதிரி இருந்தது. நண்பர் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பெல்ட் மாட்டற கொக்கி எங்கேப்பா?"

"உள்ளாற போய்டுச்சு ஸார். பின்னாடி யாரு ஸார் பெல்ட் போடறாங்க?"

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் ஸீட்டில் பெல்ட் போடாமல் போய் விபத்தில் இறந்தார். நாடே ஒரு வாரம் பேசியது. பிறகு மறந்துவிட்டது. பின்னால் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால் பின்னால் இருப்பவர் நிற்க மாட்டார். அதே 60-ல் முன் ஸீட்டில் வந்து மோதுவார்.

நண்பருக்கு ஏழு வயதுப் பையன் இருக்கிறான். அவனும் அவன் அம்மாவும்தான் பின் ஸீட். "மொத்தத்தையும் கழட்டு. கொக்கி மூணும் வெளியே வரணும்" என்றார். அதுவரை சாதுவாக இருந்த மனுஷரின் குரலில் அப்படியொரு மாற்றம். கவரைக் கழற்றி, மூன்று இடத்தில் கிழித்து, ஓரம் அடித்து, மறுபடி மாட்ட இன்னும் ஒரு மணி நேரம். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. ஸீட் கவர் போட்ட கார் உங்களிடம் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் கீழே போய்ப் பாருங்கள். உங்கள் கொக்கி எங்கே?

தலையணை மந்திரோபதேசம்

அடுத்தது மெத்தை, தலையணை வகையறா. கழுத்துக்கு என்று கொடுக்கிற கொழுத்த தலையணை தலையை முன்னால் தள்ளும். ஸீட்டின் மேல் இருக்கிற தலைப்பலகை அழகுக்கு வைத்ததில்லை. பின்னாலிருந்து எவனாவது இடித்தால் தலை வெடுக்கென்று பின்னால் போய்க் கழுத்து உளுக்காமல் காப்பதற்காக வைத்தது. தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக, காது உயரத்துக்குக் குறையாமல் அது நிற்க வேண்டும். பல பேர் அதை மேலே இழுத்துவிடுவதே இல்லை. இது இலவச வேலை!

இடுப்பு வலிக்கு வேண்டியது முதுகு முழுக்க மெத்தை இல்லை. பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே முதுகில் ஒரு வளைவு இருக்கிறதே, அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு சின்ன உருளை போதும். கடையில் கிடைக்கிறது. ஒரு டவலைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

உட்காருகிற மெத்தையில்தான் ஜாக்கிரதை வேண்டும். தடிமனாக, மெத்தென்று ஒன்றைப் போட்டால் ஆள் உயர்ந்துவிடுவார். சின்ன காரில் தலை கூரையில் இடிக்கும். அதைவிட முக்கியம், ஸீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மெத்தை அமுங்கினால் ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்குவார், பட்டை வயிற்றில் ஏறும். மோதலில் வயிறு தாங்காது, எலும்பு தாங்கும்.

கடைக்காரர் சொல்லாத ஒரு ஆக்ஸஸரி

சின்ன காரிலேயே மிக வசதியான இடம் எது தெரியுமா? டிரைவருக்குப் பக்கத்து ஸீட். அதை மட்டும்தான் பின்னால் தள்ளலாம், சாய்க்கலாம், காலை நீட்டலாம். பெரியவர்களைப் பின்னால் உட்கார வைப்பது மரியாதை என்று நினைத்து நாம் அவர்கள் முழங்காலை முன் ஸீட்டின் முதுகில் இடிக்க வைக்கிறோம். ஸீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, லேசாக மட்டும் சாய்த்து வைத்தால் முழங்காலும் நீளும், மார்புக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளியும் கிடைத்துவிடும். அந்த இடைவெளி ஏர்பேக்குக்காக. கட்டில் மாதிரி சாய்த்துவிட்டால் பெல்ட் வேலை செய்யாது.

ஏறி இறங்கவும் ஒரு வழி உண்டு. ஒரு காலை உள்ளே வைத்து நுழைவது இளசுகளுக்கு. முட்டி வலிக்காரர்கள் ஸீட்டுக்கு முதுகு காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். துணி ஸீட் சுலபமாகத் திரும்ப விடாது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை ஸீட்டில் விரித்து வைத்து, திரும்பி உட்கார்ந்ததும் உருவிவிட வேண்டும். ஷோரூம் பாலித்தீனைப் பத்திரமாக வைத்திருக்கும் இரண்டாம் ரகத்தாரே, உங்களுக்கு இன்று நல்ல காலம்! தரை பள்ளமாக இருந்தால் கால் வைக்க ஒரு குட்டி முக்காலி போதும்.

மேட்டில் என்ன ஆபத்து?

கால் மிதியில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் கார் நிற்காமல் பறந்துபோய் மோதி நாலு பேர் இறந்தார்கள். காரணம் தேடினால், வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். ஆக்ஸிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு டொயோட்டா 38 லட்சம் கார்களுக்கு மேட் எச்சரிக்கை கொடுத்துத் திரும்ப அழைத்தது. ஒரு மேட்டின் மகிமை!

ஆகவே உங்கள் மாடலுக்கென்று வெட்டிய மேட்டாக வாங்குங்கள். தரையில் கொக்கி இருந்தால் மாட்டுங்கள். டிரைவர் பக்கம் மேட் மேல் மேட் கூடாது. தரை முழுக்க ஒட்டி மூடுகிற மேட்டில் இன்னொரு சிக்கல். ஏ.ஸி. தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்தால் அது உள்ளே கசியும். மேட் அடியில் ஊறி, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். கழற்றிக் கழுவ முடிகிற ரப்பர் மேட் எங்கள் ஓட்டு.

வெயிலும் கறுப்புப் பேப்பரும்

கறுப்புப் பேப்பர் ஒட்டச் சொன்னதும் நான் மறுத்தேன். 2012 ஏப்ரல் 27-ல் சுப்ரீம் கோர்ட் கார் கண்ணாடியில் பேப்பர் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. விதிப்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். விதிக்கு உட்பட்ட படலத்தைப் பற்றி அதன் பிறகு விதி திருத்தம், கோர்ட் விவாதம் எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் கடைக்காரர் காட்டிய கறுப்பில் கையை நுழைத்தால் கையே தெரியவில்லை. அது எந்த விதியிலும் அடங்காது.

வெயிலில் நிறுத்திய கார் எவ்வளவு சூடாகும் என்று ஸ்டான்ஃபோர்டில் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. வெளியே 36 என்றால் உள்ளே 58! ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தும் பெரிய வித்தியாசமில்லை. 'இதோ அஞ்சு நிமிஷம்' என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகிறவர்கள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கவும். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு ஒரு பளபளப்பான மறைப்பு, ஏறும் முன் எல்லாக் கதவையும் ஒரு நிமிஷம் திறந்து வைப்பது. இது போதும்.

ஒயரை வெட்டாதே!

சிகரெட் பற்றவைக்கும் ஓட்டை என்று ஒன்று இருக்கிறதே, இப்போது யாரும் அதில் சிகரெட் பற்றவைப்பதில்லை. மொபைல் சார்ஜர்தான். 12 வோல்ட். ஃப்யூஸ் 10 ஆம்பியர் என்றால் 12 x 10 = 120 வாட் வரை அது தாங்கும். சார்ஜர், காற்று மெத்தை, குட்டி வாக்குவம் கிளீனர் எல்லாவற்றையும் ஒரே ஓட்டையில் பிள்ளைகுட்டி மாதிரி தொங்கவிட்டால் ஃப்யூஸ் போகும். போக வேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது. சில மெக்கானிக்குகள் ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் துண்டைச் சுற்றிவிட்டு, "இனிமே போகாது ஸார்!" என்பார்கள். உண்மைதான். ஃப்யூஸ் போகாது, வண்டி போகும்.

விளக்கு, மியூஸிக் எதுவானாலும் ஒயரை வெட்டி ஒட்டுகிற வேலை வேண்டாம். கம்பெனி ஒயரில் அப்படியே சொருகுகிற கப்ளர் கிடைக்கிறது. வெட்டின ஒயரில் கோளாறு வந்தால் வாரண்டி கேட்டுப் போய் நிற்க முடியாது.

டேஷ்போர்டு கோயில்

பிள்ளையார் இல்லாத கார் நம் ஊரில் ஓடாது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து ஸீட்டுக்கு முன்னால் ஏர்பேக் மூடி இருக்கிற இடத்தில் அவரை ஒட்டாதீர்கள். அது திறக்கும்போது கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது. மேலே இருக்கிற சிலையும், ஸென்ட் பாட்டிலும் நேராக முகத்துக்கு வரும். விக்னம் தீர்ப்பவரையே விக்னம் செய்ய வைப்பானேன்? நடுவில் தாழ்வாக ஒரு இடம் பாருங்கள்.

ஒரே ஒரு சாமானை மட்டும் கையாலும் தொடாதீர்கள். பெல்ட் போடாமலே 'பீப் பீப்' சத்தத்தை நிறுத்துகிற கிளிப். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஐந்து இணைய வியாபார நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பட்டியல்களை நீக்க வைத்தது. அந்த பீப் சத்தம் உங்கள் வீட்டுக்காரம்மா மாதிரி. எரிச்சலாகத்தான் இருக்கும், சொல்வது நல்லதுக்குத்தான்.

கணக்குப் பிள்ளை கணக்கு

கடைசியில் பில் என்ன ஆயிற்று? துணி ஸீட் கவர் 4,200. ரப்பர் மேட் 1,600. வெயில் மறைப்பு 450. இடுப்பு உருளை 600. முக்காலி 350. மொத்தம் 7,200 ரூபாய். மிச்சம் 31,200. நண்பரின் தவணை 10,400 அல்லவா? கச்சிதமாக மூன்று மாதத் தவணை! கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை.

இன்னும் இரண்டு குறிப்பு. பின்னால் போட்ட சாமான்களைச் சொல்லி இன்ஷூரன்ஸ் பாலிஸியில் சேர்க்காவிட்டால் திருடு போனால் பணம் வராது. எலெக்ட்ரிகல் சாமானுக்கு 2002 மோட்டார் டாரிஃபில் வைத்த பிரீமியம் மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய் மியூஸிக் செட்டுக்கு வருஷம் 800. இரண்டாவது, காரை விற்கும்போது இந்தச் சாமான்களுக்கு யாரும் விலை தர மாட்டார்கள். ஆகவே 'முதலீடு' என்று சொல்லி மனைவியிடம் சம்மதம் வாங்காதீர்கள். இது செலவு. சுத்தமான செலவு.

போன மாதம் நண்பர் குடும்பத்தோடு கும்பகோணம் போய்விட்டு வந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அம்மாவைப் பத்து நிமிஷம் நடக்க வைத்து, எட்டு மணி நேரப் பயணம். குலதெய்வம் கோயில் வாசலில் அம்மா தானே திரும்பி, தானே இறங்கினார்களாம். "யாரும் பிடிக்கலைடா!" என்று நண்பர் போனில் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பேச்சை மாற்ற நானும் வண்டி மைலேஜ் பற்றி விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்தார்கள்.

"கார் எப்படிம்மா இருக்கு?"

"சௌகரியமா இருக்கு தம்பி. ஆனா உன் சிநேகிதன் உனக்குத் தெரியாம ஒரு தஞ்சாவூர் பொம்மை வாங்கி முன்னாடி வெச்சிருக்கான். போற வழியெல்லாம் நான் என்ன சொன்னாலும் அது தலையைத் தலையை ஆட்டுது."

"கழட்டிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா. இந்த வீட்டுல நான் சொல்றதுக்குத் தலையாட்டறது அது ஒண்ணுதான்!"